மழைக்காலத்தில் எங்கள் வேன்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மாருதி ஆம்னி வேன் உண்டு. ஸ்டவ், பாய், தண்ணீர்க் குடம், புளியோதரைத் தூக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு திருப்பதி, வேளாங்கண்ணி என்று போய் வருவோம். பாதி வீடு அதற்குள் இருக்கும். என் கணவருக்கு ஓசூரில் வேலை என்றானதும், வேன் லாஸ்பேட்டை வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. நானும் 'அது ஆண்கள் சமாசாரம்' என்று இருந்துவிட்டேன். மழை படக்கூடாதே என்று பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுகக் கட்டியது ஒன்றுதான் நான் செய்த காரியம். அதுவும் தப்பு!

2023 கார்த்திகையில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மாமியாருக்கு மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டுவதற்குத் தயாராக ஓடி வந்தான். சாவியைத் திருப்பினால் வேன் 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. கொட்டுகிற மழையில் அவன் ஆட்டோ பிடித்து வர முக்கால் மணி நேரம். அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார்கள்.

பிறகு மெக்கானிக் வந்தார். ஆம்னிக்கு முன் சீட்டின் கீழேதான் என்ஜின். சீட்டைத் தூக்கினால், எலிக் கூடு! பிரயாணத்தில் சிந்திய அரிசி, முறுக்குத் தூள் எல்லாம் அதற்கு விருந்து. ஒயரையும் கடித்து வைத்திருந்தது. பாட்டரி செத்துப் போயிருந்தது. ஹாண்ட் பிரேக் போட்டே நின்றதால் பின் சக்கரம் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. தார்ப்பாய்க்குள் ஈரம் வேர்த்து அடித்தகடெல்லாம் துரு. கடற்காற்று அடிக்கிற ஊரில் கேட்க வேண்டுமா?

அன்றிலிருந்து வேன் என் பொறுப்பு. ஐப்பசி பிறக்குமுன் உள்ளே ஒரு பருக்கை இல்லாமல் கூட்டிவிடுவேன். டாங்க் நிறைய பெட்ரோல். காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோர்க்கும். டயரில் காற்று சற்றுக் கூடுதல். ஹாண்ட் பிரேக் கிடையாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் முட்டு. மேலே காற்றுப் போகிற துணி உறைதான். வாராவாரம் அந்தத் தம்பி கோரிமேடு வரை ஒரு சுற்று ஓட்டி வருவான். அவன் ஊரில் இல்லாவிட்டால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பாட்டரியின் மைனஸ் ஒயரை நானே கழற்றி, முனையில் வாசலின் தடவி வைப்பேன். (இவர் முதலில் சிரித்தார்!) ஒன்று மட்டும் சொல்கிறேன்: மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனையே இல்லை, ஆளையே கொன்றுவிடும்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை! நான் முதல்நாளே வேனை மேடான தெருவில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் என்ஜினே போய்விடும் என்று மெக்கானிக் சொன்னது நினைவிருந்தது. மழை விட்ட பிறகு அடியில் பார்த்தேன், தண்ணீர் ஏறவில்லை. ஒயரை மாட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"எனக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, கடைக்கு நானும் வரேன்" என்று அத்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.