நிறுத்திய தேதி

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் இப்போது ஓரளவு பேசுகிறார்கள். சேர்க்கை நாளன்றே ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறார்கள், சுவரொட்டி ஒட்டுகிறார்கள், அக்டோபர் 10 அன்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்ல ஆள் உண்டு. மருந்தைத் தொடங்கியவர் ஒருநாள் அதை நிறுத்த வேண்டிவரும்போது உடம்பில் என்ன நேரும், எப்படி நிறுத்துவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்பவர்கள் மிகச் சிலர். பலரும் அதை விடுதி அறையில் தனியே பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஐதராபாத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த திருநெல்வேலி மாணவி ஒருத்தியும் அவ்வாறு தெரிந்துகொண்டவள்தான். நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகிப்போன ஒரு மாதத்தில், மருத்துவரிடம் சென்றாள். எஸ்சிட்டலோபிராம், 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. ஆறேழு வாரங்களில் உறக்கம் சீரடைந்தது, பசி திரும்பியது, ஆய்வகக் குறிப்பேட்டில் மறுபடியும் பக்கங்கள் நிறைந்தன.

பதினான்கு மாதங்கள் கழித்து, நிறுத்திவிடலாம் என்று அவளுக்கே தோன்றியது. உடம்பும் மனமும் தேறிவிட்டன. ஐந்தாண்டு உதவித்தொகை முடியப் பத்து மாதங்களே இருந்தன. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும்போது பெட்டியில் மாத்திரை அட்டை இருக்கக் கூடாது என்று நினைத்தாள். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "காலம் பூராவும் மாத்திரைய முழுங்கிக்கிட்டா இருக்க முடியும்? இப்ப நல்லாத்தான இருக்க, விட்டுரும்மா" என்றார் அம்மா தொலைபேசியில். அந்தச் சொல்லில் அன்பும் இருந்தது; யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற அச்சமும் இருந்தது.

வளாக மருத்துவ நிலையத்துக்கு வாரத்தில் இரு நாள் வரும் மருத்துவர், வாசலில் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தபடியே வழி சொன்னார்: இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு நிறுத்திவிடலாம். அவள் அப்படியே செய்தாள்.

முற்றிலும் நிறுத்திய நான்காம் நாள், மாடிப்படியில் இறங்கும்போது கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாள். தலைக்குள் மின்சாரம் வெட்டியதுபோல் ஒரு கணம் அதிர்ந்தது. அன்று மாலைக்குள் அது முப்பது நாற்பது முறை வந்தது. தொடர்ந்து தலைசுற்றல், குமட்டல், விழித்த பின்னும் விலகாத கொடுங்கனவுகள். ஒன்பதாம் நாள் ஆய்வகக் கூட்டத்தில், வரைபடத்தின் அச்சில் அலகு விடுபட்டிருப்பதை நெறியாளர் சுட்டிக்காட்டியபோது அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. ஒப்படைக்கும் காலம் நெருங்குவதால் வந்த பதற்றம் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

அவள் எண்ணியது வேறு. நோய் திரும்பிவிட்டது; பதினான்கு மாதம் இருந்த தெளிவு மாத்திரை தந்த பொய்; இதுதான் தன் உண்மை முகம். பதினோராம் நாள் இரவு, ஆய்வைக் கைவிட்டு விலகிக்கொள்வதாக நெறியாளருக்குக் கடிதம் எழுதி வரைவில் வைத்தாள். ஐந்து ஆண்டு உழைப்பு அந்த வரைவுக்குள் இருந்தது.

கடிதம் போகாமல் நின்றதற்குப் பக்கத்து அறை மூத்த மாணவி காரணம். மருந்தியல் படித்த மலையாளப் பெண். விடுதியில் எல்லாருக்கும் சேச்சி. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எந்தத் தேதியில் நிறுத்தினாய்? முதல் அதிர்வு எந்தத் தேதியில் வந்தது?" என்று மட்டும் கேட்டார். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார்கள். இடையில் நான்கு நாட்கள்.

அந்த நான்கு நாட்களில் ஒரு செய்தி இருக்கிறது. மனச்சோர்வு திரும்பும்போது பெரும்பாலும் மெல்லத் திரும்பும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், உறக்கமும் ஆர்வமும் சிறிது சிறிதாகக் குன்றும். மருந்து உடலை விட்டு நீங்குவதால் வரும் விலகல் அறிகுறிகளோ பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களிலேயே தொடங்கிவிடும். தலைக்குள் மின்வெட்டு, தலைசுற்றல், குமட்டல் போன்றவை மனச்சோர்வின் வழக்கமான அடையாளங்கள் அல்ல. மருந்தை மறுபடி எடுத்தால் விலகல் அறிகுறிகள் சில நாட்களில் தணியும். நோய் தணியவோ வாரங்கள் ஆகும். அழுகை, பதற்றம், உறக்கமின்மை ஆகியவை இரண்டுக்கும் பொது. அவற்றை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். விலகலை நோயென்று எண்ணி, தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் மருந்தைத் தொடர்பவர் உண்டு. வாழ்க்கையின் பெரிய முடிவுகளை அந்த இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுபவரும் உண்டு.

மருத்துவ உலகமும் இதை முழுமையாக ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. விலகல் அறிகுறிகள் பொதுவாக இலேசானவை, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமே அடங்கிவிடும் என்றுதான் பிரிட்டனின் அதிகாரப்பூர்வ வழிகாட்டுதல் 2019 வரை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அங்குள்ள அரச மனநல மருத்துவர் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. அக்டோபரில் வழிகாட்டுதலும் திருத்தப்பட்டது. சிலருக்கு அறிகுறிகள் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று அது ஒப்புக்கொண்டது.

அதே 2019இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் லான்செட் சைக்கியாட்ரி இதழில் எழுதிய கட்டுரையைச் சேச்சி அவளுக்கு அனுப்பினார். அதிலிருந்த வளைகோட்டைப் பார்த்ததும் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நொதிகளின் வேகத்தை அளப்பவர்கள் முதல் பருவத்திலேயே வரையும் மைக்கேலிஸ்–மென்டன் வளைகோட்டின் அதே வடிவம். அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அத்தகைய வளைகோடுகள் நிறைய இருந்தன. மருந்தின் அளவு கூடக் கூட, அது பற்றிக்கொள்ளும் செரட்டோனின் கடத்திப் புரதங்களின் விழுக்காடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. எஸ்சிட்டலோபிராமுக்கு நெருங்கிய உறவான சிட்டலோபிராமை எடுத்துக்கொண்டால், 20 மில்லிகிராமில் சுமார் 80 விழுக்காடு. 9 மில்லிகிராமுக்கு இறங்கினாலும் 70 விழுக்காடு இருக்கும். 2.3 மில்லிகிராமில் 40, 0.8 மில்லிகிராமில்கூட 20. அதாவது 20இலிருந்து 9க்கு இறங்குகையில் இழப்பது பத்துப் புள்ளிகள், கடைசி 2.3 மில்லிகிராமை விடுகையில் இழப்பது நாற்பது. மேற்படிகள் விரலளவும் கடைசிப் படி ஆளுயரமுமாக உள்ள கிணற்றில் இறங்குவதைப் போன்றது இது. பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, பிறகு விட்டுவிடும் வழக்கமான முறையில் மேற்படிகளில் தொல்லை தெரியாது. "நன்றாகத்தான் போகிறது" என்ற நம்பிக்கையோடு கடைசிப் படியிலிருந்து குதிக்கிறோம்.

ஒன்றுவிட்டு ஒருநாள் என்ற அறிவுரையின் குறையையும் அவளே கணக்கிட்டுப் பார்த்தாள். எஸ்சிட்டலோபிராமின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 30 மணி நேரம். 48 மணி நேர இடைவெளியில் குருதியிலுள்ள அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மறுநாள் மீண்டும் ஏறும். ஒரு நாள் ஏற்றம், ஒரு நாள் வீழ்ச்சி என்பது குறைத்தல் ஆகாது. பல நாட்கள் உடலில் தங்கும் ஃபுளுவாக்செட்டின் தானே மெல்ல வடிவதால் அதற்கு இந்த இடர் குறைவு. விரைவில் வெளியேறும் பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவற்றுக்கு மிகுதி.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை இங்குப் பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. அட்டையின் பின்புறத்தைப் படிக்காதவருக்குத் தாம் எடுத்துக்கொள்வது இரண்டு மருந்துகள் என்பதே தெரியாது. நாட்பட எடுத்த குளோனசெபாமைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட மாத்திரையை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது. மெல்லக் கரையும் வகையில் செய்யப்பட்ட மாத்திரைகளைப் பிளக்கவோ பொடிக்கவோ கூடாது என்பதும் அவ்வாறே நினைவில் கொள்ளத்தக்கது.

சேச்சியின் வற்புறுத்தலால், நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மனநல மருத்துவரை அவள் பார்த்தாள். அவர் தேதிகளைக் கேட்டறிந்து 10 மில்லிகிராமை மறுபடி தொடங்கச் சொன்னார். மூன்றாம் நாள் அதிர்வுகள் அடங்கின. ஒரு வாரத்தில் தலை தெளிந்தது. வரைவிலிருந்த கடிதத்தை அழித்தாள். இரண்டு மாதங்களுக்குப் பின் குறைக்கும் பணி தொடங்கியது. 7.5, பிறகு 5, பிறகு 2.5. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஆறு வாரம். தொல்லை மிகுந்தால் அதே படியில் நிற்பது, அல்லது ஒரு படி ஏறிக்கொள்வது. மாத்திரையைக் கோடு பார்த்து வெட்டும் சிறு கருவியை மருந்துக்கடையில் வாங்கினாள். நெதர்லாந்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக அளவு குறையும்படி பொதி செய்த மருந்துப் பட்டைகள் கிடைக்கின்றன. இங்கே அந்த வேலையைக் கத்தியும் கைப்பழக்கமுமே செய்ய வேண்டும்.

இந்த மாதங்களை அவள் கடந்த விதம் சொல்லத்தக்கது. ஒவ்வோர் இரவும் உறக்கம், தலைசுற்றல், மனநிலை மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதினாள். அளவைக் குறைத்த பின்வரும் இரண்டு வாரங்களில் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். கருத்தரங்க உரைகளையும் அந்த வாரங்களில் ஏற்கவில்லை. நெறியாளரிடம், மருந்தொன்றின் அளவை மாற்றுகிறார்கள், சில நாட்கள் தலைசுற்றும் என்று மட்டும் சொன்னாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மையவிலக்கு இயந்திர வேலைகளை வேறொரு மாணவருக்கு மாற்றிக் கொடுத்தார். அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "விட்டாச்சாம்மா?" என்று வாரந்தோறும் கேட்டவரிடம், "இறங்கிக்கிட்டு இருக்கேம்மா, குதிக்கக் கூடாதாம்" என்றாள். சில வாரங்களுக்குப் பின் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவும் படித்துவிட்டு, இம்மருந்துகளே தீங்கானவை என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக் கூடாது. 2024இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தோன்றின. மருந்துப்போலியை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்குத் தோன்றின. கடுமையான அறிகுறிகள் ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. பெரும்பாலோர் பெருந்தொல்லை இன்றி விடுகிறார்கள். நோய் திரும்புவதும் கற்பனையன்று. பிரிட்டனில் நீண்ட காலம் மருந்து எடுத்த, நலமாக உணர்ந்த 478 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு; நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு. நிறுத்துவது சிலருக்குச் சரி, தொடர்வது சிலருக்குச் சரி என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. பலமுறை நோய் கண்டவர்களுக்குத் தொடர்வதே பெரும்பாலும் அறிவுடைமை. நிறுத்துவதை மனவலிமைக்கான தேர்வாகக் கொள்வதற்கு இவ்வெண்களில் இடமில்லை.

ஆய்வேட்டை ஒப்படைத்த நாளில் அவள் 2.5 மில்லிகிராமில் இருந்தாள். ஊர் திரும்பிய பெட்டியில் மாத்திரை அட்டை இருந்தது. அடுத்த இறக்கத்தை வேலை ஒன்று அமைந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரும் அவளும் பேசி முடிவு செய்திருந்தார்கள். வாழ்க்கை நிலையற்றிருக்கும் மாதங்களில் கடைசிப் படிகளில் கால் வைப்பதில் பயனில்லை.

துறைகளில் நெறியாளர்களும் மூத்த மாணவர்களும் செய்யக்கூடிய எளிய உதவி ஒன்று உண்டு. நன்றாக இருந்த மாணவர் திடீரென நிலைகுலைந்தால், விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் நீட்டினால், உடனே கையொப்பமிட வேண்டாம். அண்மையில் ஏதேனும் மருந்தைக் குறைத்தீர்களா, எந்தத் தேதியில் என்று தனியே, மெல்லக் கேட்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாமல், கடிதத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் ஒருநாளும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும், தமிழிலும், பேசலாம், கட்டணமில்லை. மருந்தை நிறுத்த எண்ணுபவர்கள் முதலில் மருத்துவரிடம் ஓர் அட்டவணை கேட்டு வாங்குங்கள். அதில் கடைசி மில்லிகிராம்களுக்கு எத்தனை வாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.