மூன்று அங்குலம்

கொலராடோவில் யூரே என்ற மலையூரிலிருந்து எஞ்சினியர் கணவாய்க்கு ஏறும் பாதையில், என் பிக்கப்பின் அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. இரும்புச் சட்டியைக் கருங்கல் மேல் வைத்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. வண்டி நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் பள்ளம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கக்காரர்களின் வண்டிகள் போவதற்காகப் போட்ட பாதை அது. கணவாயின் உச்சி 12,800 அடி. நாங்கள் இன்னும் பாதிகூட ஏறியிருக்கவில்லை.

"என்னப்பா அது?" என்றாள் மனைவி.

இறங்கிக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பின் ஆக்ஸிலின் நடுவில் சிறு குடம்போலப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஜீப்பில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். சக்கரத்துக்கு அடியில் கற்களை அடுக்கச் சொல்லி, கையசைத்துக் கையசைத்து என்னைப் பின்னால் எடுக்க வைத்தார். கிளம்பும்போது என் டயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடலாமே என்றார். நாங்கள் உச்சிக்குப் போகாமல் திரும்பினோம். அன்றிரவே விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்து லிஃப்ட் கிட் தேட ஆரம்பித்துவிட்டேன்.

என்னுடையது 2019 டொயோட்டா டகோமா, டிஆர்டி ஆஃப்-ரோடு மாடல். கம்பெனியிலிருந்து வரும்போது 265/70R16 டயர். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். உள்ளே இருக்கும் ரிம் 16 அங்குலம். பக்கச்சுவரை இரண்டு தடவை கூட்டி ரிம்மையும் சேர்த்தால் மொத்த விட்டம் 777 மில்லிமீட்டர், அதாவது 30.6 அங்குலம். எல்லாரும் ஆசைப்படுவது 'முப்பத்து மூணு'. அதே ரிம்மில் 285/75R16 போட்டால் 834 மில்லிமீட்டர், 32.8 அங்குலம். அதற்கு இடம் வேண்டும் என்பதால் சஸ்பென்ஷனை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும். ஒரு கடையில் விலை கேட்டேன். டயர், முன்பக்க ஷாக், புது மேல் கன்ட்ரோல் ஆர்ம், பின்பக்க ஸ்பிரிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 4,800 டாலர்.

மென்பொருள்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதை வாங்குவதாக இருந்தாலும் ஸ்ப்ரெட்ஷீட் திறப்பான். திறந்தேன். முதல் வரியிலேயே அடி விழுந்தது.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது உடலைச் சக்கரத்திலிருந்து விலக்குவது. வண்டியின் சட்டம் உயரும், கேபின் உயரும், முன் பம்பர் உயரும். ஏற்றத்தின் அடிவாரத்தில் மூக்கு இடிக்காது. ஆனால் என் பின் ஆக்ஸில் ஒரே குழாய். அதன் இரண்டு முனையிலும் சக்கரம் நேரடியாக மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை மூன்று அங்குலம் உயர்த்தினாலும் முப்பது அங்குலம் உயர்த்தினாலும் ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 57 மில்லிமீட்டர் பெரிய டயர் போட்டால் டிஃபரன்ஷியல் 28 மில்லிமீட்டர் உயரும். ஒரு அங்குலம், கொசுறாகக் கொஞ்சம். அந்தக் கல்லுக்கு 4,800 டாலர் கொடுத்து நான் வாங்கப்போவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்வைக்கு.

பார்வை என்பது சின்ன விஷயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு உயர்த்திய டகோமா நிற்கும். அதைக் கடந்து போகும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்தடுத்த வரிகள் எல்லாம் கடன் கணக்கு. டயர் சுற்றளவு 7.3 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மையில் 64 மைலில் போய்க்கொண்டிருப்பேன். என் வண்டியின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.9. பெரிய டயரோடு அது 3.64 போல நடந்துகொள்ளும். ஏற்கெனவே ஏற்றத்தில் கியர் மாற்றி மாற்றித் திணறும் வண்டி இது, இன்னும் திணறும். கியரையே மாற்றலாம், அதற்குத் தனியாக இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும். கனத்த டயர் ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதல். அந்தக் கனம் சக்கரத்தோடு சுழல்வதால் பிரேக்குக்கும் வேலை கூடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

முன்பக்கம் இன்னொரு கதை. அங்கே ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஷாக் நிற்பது கீழ் ஆர்மின் கிட்டத்தட்ட நடுவில், சக்கரம் இருப்பது அதன் முனையில். ஏற்றம் போல ஒரு நெம்புகோல். ஷாக்கின் தலையில் ஒரு அங்குலத் தகடு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயரம் கிடைக்கும். நூறு டாலருக்கு விற்கும் 'ஸ்பேசர்' செய்வது இதைத்தான். பார்க்க உயரும். ஆனால் ஷாக்கின் நீளம் அதேதான். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பால் ஜாயின்டும் சிவி ஆக்ஸிலும் அவற்றுக்கு விதித்த கோணத்தைத் தாண்டி வளையும். மூன்று அங்குலத்துக்கு மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றாவிட்டால் காஸ்டர் கோணம் குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாயும்.

பின்பக்க ஸ்பிரிங் பற்றிக் கேட்க மாமாவுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பிளேட் பிளேட்டாக அடுக்கிய லாரி ஸ்பிரிங்கின் கீழேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்.

"மாமா, வண்டியைக் கொஞ்சம் ஒசத்தலாம்னு இருக்கேனுங்."

"லோடு எவ்வளவு மாப்ள?"

"லோடு ஒண்ணும் இல்லீங் மாமா."

"லோடு இல்லாம எதுக்கு ஸ்பிரிங்கத் தொடற? ரெண்டு பிளேட்டு சேத்துனா ஏறிக்கும். ஆனா காலி வண்டியில போனீன்னா முதுகு போயிரும். ஏத்துறது ஒசரத்துக்கு இல்ல மாப்ள, பாரத்துக்கு."

கதவோரத்து ஸ்டிக்கரைப் போய்ப் பார்த்தேன். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து இவ்வளவு பவுண்டுதான் என்று அதில் அச்சடித்திருந்தது. லிஃப்ட் போட்டாலும் அந்த எண் மாறாது. வருஷத்தில் பத்து நாள் கூடாரமும் தண்ணீர்க் கேனும் ஏற்றுகிறோம், மற்ற நாளெல்லாம் தொட்டி காலி. பின் ஸ்பிரிங் வரியை ஷீட்டிலிருந்து அழித்தேன்.

இவ்வளவும் கணக்கு. கணக்கில் அடங்காத ஒரு வரி மிச்சமிருந்தது.

33 அங்குல டயர் போட்டால், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அது சக்கரக் குழியின் பின்னால் இருக்கும் கேபின் தாங்கியில் உரசும். லிஃப்ட் அதைத் தீர்க்காது. தீர்வு ஒன்றுதான். தாங்கியின் முனையை கிரைண்டரால் வெட்டி எடுத்து, தகடு வைத்து வெல்டிங் அடிப்பது. ஷாக்கைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். டயரை விற்றுவிடலாம். வெட்டினால் வெட்டியதுதான்.

கடைக்காரர் இதைச் சாதாரணமாகச் சொன்னார், பத்து நிமிட வேலை என்று. எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். 2023இன் தொடக்கத்தில் எங்கள் டீமில் மூன்று பேருக்கு ஒரே காலையில் மெயில் வந்தது. அதில் ஒருவர் தன் காரை விற்பதற்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்தேன். கீறல் தெரியாத கோணத்தில் எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு கவனித்தேன், நான் எல்லாப் பொருளையும் விற்கும் நிலையிலேயே வைத்திருக்கிறேன். வீட்டுச் சுவரில் ஆணி அடித்ததில்லை. சோபாவின் அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடவில்லை. வண்டியின் பழைய தரைவிரிப்பு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. எந்த ஊரிலும் நான் எதையும் வெட்டியதில்லை.

மனைவி ஸ்ப்ரெட்ஷீட்டைப் பார்த்தாள். "வெட்டணும்னு ஆசையா இருக்கா, இல்ல வெட்டப் பயமா இருக்கா?" என்றாள். இரண்டும் என்றேன். "அப்ப இதுக்கு எதுக்கு ஷீட்டு?"

நல்ல கேள்வி. கணக்கு சொன்னது ஒன்று: அந்தக் கல்லுக்கு 33 தேவையில்லை. 265/75R16 போட்டால் 31.6 அங்குலம். டிஃபரன்ஷியல் 13 மில்லிமீட்டர் உயரும், ஸ்பீடோமீட்டர் பிழை 3.4 சதவீதத்தோடு நிற்கும், எங்கேயும் வெட்ட வேண்டாம். முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல ஷாக் போட்டு ஒன்றரை அங்குலம். டகோமா மூக்கு கவிழ்ந்து நிற்கும் வண்டி, அவ்வளவு உயர்த்தினால் பின்பக்கத்தோடு சமமாகிவிடும். ஈர்ப்பு மையமும் அதிகம் ஏறாது. ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் பாதையில் இது முக்கியம். வண்டி கவிழாமல் நிற்பது அதன் சக்கர இடைவெளிக்கும் ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தால். உயரம் கூடக் கூட அந்த விகிதம் குறையும். மிச்சமான பணத்தில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, ஒரு சின்னக் காற்று கம்ப்ரஸர். டயரில் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கிக்கொண்டு ஏறினால் டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போகும் என்பதையும், அதற்குக் காசே இல்லை என்பதையும் இந்த ஆராய்ச்சியின் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஆகஸ்டில் அதே பாதைக்குப் போனோம். கல் அங்கேயே இருந்தது. அதன் நெற்றியில் என் வண்டி கீறிய வெள்ளைக் கோடு மங்கலாகத் தெரிந்தது, அல்லது வேறு யாருடையதோ. மனைவி இறங்கி முன்னால் நின்றுகொண்டாள். நான் வழக்கம்போலக் கல்லை நடுவில் விட்டு ஓட்டப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி, இடது பக்கம் கைகாட்டினாள். கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்றச் சொன்னாள்.

ஏற்றினேன். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு பின்சக்கரம். சக்கரம் கல்லின் மேல் நிற்கும்போது ஆக்ஸிலும் அதோடு சேர்ந்து உயர்கிறது. பழைய டயரிலும் இது நடந்திருக்கும். போன வருஷம் அந்தப் பெரியவர் கையசைத்துக்கொண்டே இதைத்தான் காட்டியிருப்பார், நான் அவர் டயர் பற்றிச் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் 35 அங்குல டயரோடு ஒரு டகோமா நின்றது. அதன் கேபின் தாங்கி வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் அடித்த கறுப்பு பெயின்ட் கொஞ்சம் உரிந்து துருப்பிடித்திருந்தது. குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"இன்னும் ஆசையாத்தான் இருக்கா?" என்றாள்.

இந்த முறை வெட்டாமல் விட்டது கணக்குப் பார்த்து, பயந்து இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. ஊர் திரும்பிய வாரம் ஒரு டிரில் மெஷின் வாங்கினேன். கல்யாணப் படம் நாலு வருஷமாகச் சுவரில் சாய்த்தே வைத்திருந்தோம். அதை மாட்டினேன். வாடகை வீடு. காலி செய்யும்போது அந்த ஓட்டைக்கு டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள்.