செஞ்சிக் கோட்டையின் குளங்கள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் சென்றால், பாறைகளை வாரி யாரோ குவித்து வைத்தாற்போல மூன்று குன்றுகள் தென்படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று அவற்றுக்குப் பெயர். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதிலுக்குள் அமைந்ததே செஞ்சிக் கோட்டை. இங்கே அருவி கிடையாது. ஆனால் நீர்நிலைகளைக் காண்பதற்காகவே ஒருமுறை வரலாம்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சியை அடையுமுன் ஆழமான பிளவொன்று வழிமறிக்கிறது; அதன்மேல் ஒரு சிறு பாலம். அதைக் காக்கச் சில வீரர்களே போதும். ஆயினும் வீரம் மட்டும் கோட்டையைக் காப்பாற்றுமா? தாகத்துக்குத் தண்ணீர் வேண்டாமா? பாறைகளில் வழியும் மழைநீரையும் ஊற்றுக்களையும் தேக்கி மலைமேலே சுனைகளும், அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம் என்னும் இரு பெரிய குளங்களும் அமைத்தார்கள். குளத்து நீர் மண்குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்குச் சென்று, அங்கே மேல்மாடிகளுக்கும் ஏறியதாம்! அருகிலுள்ள ஆனைக்குளத்தின் படிகளில் நின்று அந்த மாளிகையை அண்ணாந்து பார்த்தால், நம் ஊர்க் குழாய்களின் நினைவு வந்து சற்று வெட்கமாகவே இருக்கும்.

கோனார்களும் நாயக்கர்களும் ஆண்ட இந்தக் கோட்டை பிறகு பீஜப்பூர் சுல்தான் வசமாயிற்று. 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். அவர் குமாரர் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் 1690-ல் முற்றுகையிட்டான். கோட்டை விழுந்ததோ 1698-ல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அத்தனை ஆண்டுகள் தாக்குப் பிடித்ததில் இக்குளங்களுக்கும் பங்கு உண்டு. பின்னர் 1750-ல் பிரெஞ்சுக்காரரும், 1761-ல் ஆங்கிலேயரும் பிடித்தார்கள். மராட்டியரின் மற்றக் கோட்டைகளோடு சேர்த்து 2025-ல் இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எனினும் மக்கள் நாவில் நிற்பவன் ராஜா தேசிங்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்து, சிறு படையுடன் எதிர்த்து 1714-ல் மாண்டான். வயது இருபத்திரண்டு இருக்கும். அவனுடன் மடிந்த நண்பன் மாபத்துக்கானையும் நீலவேணிக் குதிரையையும் கதைப்பாடல்கள் மறக்கவில்லை. அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை ஏற்பட்டது என்பார்கள்.

வெயில் ஏறுமுன் மலையேறி இறங்கிவிடுவது நலம். இறங்கியதும் செட்டிக்குளத்தின் கரைக்குப் போங்கள். தேசிங்குக்குச் சிதை மூட்டிய இடம் அதுவென்று ஊரார் ஒரு மேடையைக் காட்டுவார்கள்.