நுங்கும் நுரையும்

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கும்பகோணத்தில் யாரும் வெறுமனே சொல்லிவிடுவதில்லை. 'நுங்கும் நுரையுமா வருது' என்பார்கள். வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறந்தால், சில நாட்கள் கழித்துக் காவிரியின் வெண்மணலில் அந்த முதல் நீர் ஊர்ந்து வரும். சருகு, வைக்கோல், சாணம் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு, பழுப்பு நுரையை விளிம்பாகக் கட்டியபடி வரும். சிறுவர்களாகிய நாங்கள் அதற்கு முன்னால் ஓடுவோம். மண்வாசனையும் இலை மட்கிய வாசனையும் கலந்து வரும்.

நுரை சரி, நுங்கு எதற்கு? கரையோரப் பனைகளிலிருந்து விழுந்த காய்கள் வெள்ளத்தில் மிதந்து வருவதால் என்பார் தமிழாசிரியர் ஒருவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதுவெள்ளம் வரும் வேளையில் நுங்குக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும். நுங்குதல் என்றால் விழுங்குதல் என்று பழைய பொருள் ஒன்று உண்டு. கரையை விழுங்கிக்கொண்டு வரும் நீர் என்று கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் மோனைக்காக ஒட்டிக்கொண்ட சொல்லாகவும் இருக்கலாம், அதனால் குறைவொன்றுமில்லை.

குமிழியை எண்ணலாம், நுரையை எண்ண முடியாது. கறந்த பாலில், இறக்கிய கள்ளில், ஆற்றிய காப்பியில், சீயக்காய் தேய்த்த தலையில் என்று நாள் முழுக்க நம்மோடு இருப்பது நுரை. ஓடிக் களைத்தவனுக்கு 'நுரை தள்ளிவிட்டது' என்கிறோம். அது மாட்டின் வாயிலிருந்து மனிதனுக்கு வந்தது. மூச்சுப்பைக்கு நுரையீரல் என்று பெயர் வைத்தவன் அதை அறுத்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். குமிழிக்கு மொக்குள் என்றொரு பழம்பெயரும் உண்டு. மொட்டைப் போலத் திரண்டு நிற்பதால் அப்படி அழைத்தார்கள் போலும். நாலடியார் அந்த மழைநீர் மொக்குளை உடம்பின் நிலையாமைக்கு உவமையாக்கியது. தோன்றிய கணமே உடைவதுதான் அதன் இயல்பு என்று நம்பிய காலம்.

சில ஆண்டுகளுக்கு முன் மகளை ஓசூருக்கு அழைத்துப் போயிருந்தேன். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையைப் பார்க்கப் போனோம். மதகுக்குக் கீழே ஆறே தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. காற்றடித்தால் பஞ்சுப்பொதி போலப் பிய்ந்து பறந்தது. நான் சொல்லிக் கொடுத்த சொற்றொடரை நினைவில் வைத்திருந்த மகள் துள்ளிக் குதித்துக் கேட்டாள்:

"அப்பா, இதுதானே நுங்கும் நுரையும்?"

பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. பெல்லந்தூர் நுரை 2015-இல் தீப்பற்றி எரிந்ததே, அதே நீர்வழிதான். சலவைத்தூளில் உள்ள வேதிப்பொருள் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. குமிழிகள் எளிதில் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. ஆற்று நுரைக்கும் காரணம் ஏறக்குறைய அதுவேதான். இலைதழை மட்கிக் கரைந்த பொருள்கள் அங்கே அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அது கரையேறி, வெயில் பட்டு, மதியத்துக்குள் அடங்கிவிடும். நாங்கள் பார்த்தது நின்றது. நாலடியார் ஆசிரியர்கள் இதைக் கண்டிருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்கள்.

2019 டிசம்பரில் மெரினாக் கடற்கரையிலும் இப்படி நுரை ஒதுங்கியது. குழந்தைகள் அதில் ஆடிக்கொண்டிருந்த படங்கள் நாளிதழ்களில் வந்தன. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுரையைக் கண்டால் ஓடு என்றுதான் நாங்களும் வளர்ந்தோம்.

மகளுக்கு 'இல்லை' என்று மட்டும் சொன்னேன். 'ஏன், நுரை இருக்கே?' என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். அந்த நாற்றம் ஊர் எல்லை வரை எங்களோடு வந்தது.