பொன்முகலிக் கரையிலே - 3: குடிமல்லமும் தொண்டைமானாற்றூரும்

சென்ற இதழில் சித்தூருக்கு அருகே, 1782இல் ஹைதர் அலி கண்மூடிய நரசிங்கராயன்பேட்டையைப் பார்த்தோம். இம்முறை திருப்பதியிலிருந்து காளத்திப் பக்கம். ரேணிகுண்டா தாண்டி, பாப்பாநாயுடுபேட்டை வழியாகக் கிராமச் சாலையில் திரும்பினால் குடிமல்லம். சுற்றிலும் நெல்வயல். ஊருக்குள் பரசுராமேசுவரர் கோயில்.

வாசலில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. உள்ளே, தூங்கானை மாட அமைப்பில் விமானம். கருவறை, தரைமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிப் பிடித்தார். ஏறக்குறைய ஐந்தடி உயர லிங்கத்தின் முன்புறத்தில் நின்ற கோலத்தில் ஈசன்: வலக்கையில் தலைகீழாய்த் தொங்கும் ஆட்டுக்கடா, இடக்கையில் சிறு கலம், தோளில் மழு, காலடியில் குனிந்த பூதம். மார்பில் பூணூல் இல்லை. இதைக் கி.மு. 2ஆம் அல்லது 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலரும் கணிக்கிறார்கள். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சிவலிங்கங்களுள் ஒன்று இது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் து.அ. கோபிநாத ராவ் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் இவ்வூரைத் திரும்பிப் பார்த்தது. 1973இல் ஐ.கே. சர்மா இங்கே அகழாய்வு நடத்தினார். இப்போதுள்ள கற்கோயிலுக்கு முன்பே இங்கே வழிபாடு நடந்ததற்கான தடயங்கள் மண்ணுக்கடியில் கிடைத்தன.

வெளியே வந்து சுவரைப் பார்த்தேன். பல்லவர், வாணர், சோழர் காலக் கல்வெட்டுகள். விக்கிரம சோழனின் 9ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1126 வாக்கில், கோயில் கல்லால் புதுப்பிக்கப்பட்டது. கல்வெட்டுகளில் ஊரின் பெயர் திருவிப்பிரம்பேடு. குடிமல்லம் என்ற பெயர் அவற்றில் இல்லை.

"இந்த எழுத்து என்ன சாமி சொல்லுது?" என்று அர்ச்சகரிடம் கேட்டேன்.

"அரவ (தமிழ்) எழுத்து சார். உங்க ஊர்க்காரங்க வந்தா நின்னு பார்ப்பாங்க. எங்களுக்கு யாரும் படிச்சுச் சொன்னதில்லை."

அந்தப் பதில் மனத்தை விட்டு அகலவில்லை. நாள்தோறும் விளக்கேற்றுகிறவருக்கே தம் கோயில் சுவர் சொல்லும் சேதி தெரியாது.

அடுத்து, காளத்திக்குப் பக்கத்தில் தொண்டமநாடு. சோழர் வரலாற்றில் இதன் பெயர் தொண்டைமானாற்றூர். பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழர் கைக்குக் கொண்டுவந்த முதலாம் ஆதித்தன் இறந்தது இங்கேதான். 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்' என்றே அவனைக் குறிப்பிடுவார்கள். மகன் முதலாம் பராந்தகன், தந்தைக்குப் பள்ளிப்படையாக இங்கே ஒரு கோயிலை எடுப்பித்தான். கோதண்டராமேசுவரம், ஆதித்தேசுவரம் என்று இரண்டு பெயர்கள் அதற்கு. காவிரியின் இரு கரையிலும் கோயில்கள் எடுத்தவன் என்று அன்பில் செப்பேடு புகழும் மன்னனின் கடைசி இடம், காவிரிக்கு வெகு தூரத்தில், பொன்முகலிக் கரையில் இருக்கிறது.

ராகு கேது பரிகாரத்துக்காகத் தமிழகத்திலிருந்து காளத்திக்கு வருவோர் ஏராளம். இங்கே அன்று ஒரு வண்டியைக்கூட நான் பார்க்கவில்லை.

கல் தானே என்றைக்கும் நிற்கும் என்று இருந்துவிட முடியாது. காளத்தியில் 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது புதுக் கோபுரம். கோபுரத்தை மறுபடி கட்டலாம். சுண்ணாம்பிலும் மணல்வீச்சிலும் அழிந்த கல்வெட்டு வரியை யாராலும் மீட்க முடியாது.

நீலப் பலகைகள் பெரும்பாலும் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதைச் சொல்கின்றன. எதைக் காக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கல்வெட்டின் செய்தியைத் தெலுங்கிலும் தமிழிலும் எளிய நடையில் எழுதி, அந்தச் சுவருக்கு அருகிலேயே வைக்க வேண்டும். 1953இல் இந்த நிலம் ஆந்திரத்தோடு போயிற்று. அந்த எல்லை வழக்கைக் கல்லின்மேல் ஏற்ற வேண்டாம். அதன் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குப் புரிந்தால்தான் அது பிழைக்கும்.

காளத்திக்கு வரும் வாசகர்களே, இந்த இரண்டு ஊர்களுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். எழுத்து தெரிந்தவர்கள், அங்கே இருப்பவர்களுக்கு ஒரு வரியாவது படித்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த இதழில் சந்திரகிரிக் கோட்டை.