ரிஷிகேஷில் மீண்டும் திறந்த மருந்துப் பெட்டி... பத்தமடை டாக்டர் காட்டிய பாதை!

கையில் சுருட்டிய யோகா மேட். முதுகில் பெரிய பை. மனதில் ஒரு கேள்வி. ரிஷிகேஷில் ரயிலைவிட்டு இறங்கும் இளைஞர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். அங்குள்ள புதிய ஸ்டேஷனின் பெயரே 'யோக் நகரி ரிஷிகேஷ்'தான்!

'வேலை இருக்கு, சம்பளம் வருது. ஆனா, எதுக்காக இப்படி ஓடுறோம்னு தெரியலையே...' இதுதான் அந்தக் கேள்வி.

நூறு வருடங்களுக்கு முன்பு, கிட்டத்தட்ட இதே கேள்வியோடு இந்த ஊருக்கு வந்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். கோரைப் பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமை பத்தமடையில், 1887-ல் பிறந்த டாக்டர் குப்புசாமி. சுவாமி சிவானந்தர் என்றால் உலகத்துக்கே தெரியும்.

மலையைவிட்டு கங்கை இறங்கும் ஊர்

உத்தரகாண்ட் மாநிலத்தில், ஹரித்வாரிலிருந்து சுமார் 25 கி.மீ தூரத்தில் இருக்கிறது ரிஷிகேஷ். இமயமலைப் பள்ளத்தாக்குகளில் ஓடிவந்த கங்கை, சமவெளியில் கால்வைக்கிற இடம். கோடையிலும் தண்ணீரில் பாதம் பட்டால் சிலீரென்கிறது.

ஊரின் ஒரு பகுதிக்கு 'முனி கி ரேத்தி' என்று பெயர். முனிவர்களின் மணல்திட்டு என்று பொருள். அங்கிருந்து அக்கரைக்குப் போக ராம் ஜூலா என்ற தொங்குபாலம். கூட்டம் கூடினால் பாலம் லேசாக ஆடும். கம்பிமேல் குரங்குகள் உட்கார்ந்து, யார் கையில் வாழைப்பழம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும். கீழே ரப்பர் படகில் ராஃப்டிங் போகிறவர்களின் கூச்சல். அந்தி சாய்ந்தால் அக்கரையில் பரமார்த் நிகேதன் படித்துறையில் கங்கா ஆரத்தி. நூற்றுக்கணக்கான தீபங்கள் தண்ணீரில் மின்னுகின்றன.

1968-ல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்து தங்கிய பிறகு, உலகின் பார்வை இந்த ஊர்மேல் விழுந்தது. இன்று தெருவுக்குத் தெரு '200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சி' போர்டுகள். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களும் உண்டு. சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்பது, ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும்.

இன்ஷூரன்ஸ் பணத்தில் ஒரு மருந்தகம்

பாலத்தின் இக்கரையில், படிகள் ஏறிப்போனால் சிவானந்தா ஆசிரமம். அதன் கதை ஒரு மருத்துவரின் கதை.

தஞ்சாவூரில் மருத்துவம் படித்த குப்புசாமி, 1913-ல் மலேயாவுக்குக் கப்பலேறினார். அங்கே ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். நல்ல வருமானம், நல்ல பெயர். ஆனாலும் மனம் நிறையவில்லை. உடம்பின் நோயைத் தீர்க்கலாம், மனிதனின் துயரத்தை எப்படித் தீர்ப்பது என்று குடைந்துகொண்டே இருந்தது. 1923-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். 1924-ல் ரிஷிகேஷ் வந்து துறவு பூண்டார்.

'துறவியானார், தவம் செய்தார்' என்று கதை இங்கேயே முடிந்துவிடவில்லை. ரிஷிகேஷில் அவர் கண்டது, காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் துவண்டு கிடந்த சாதுக்களை. பத்ரிநாத், கேதார்நாத் பாதையில் புண்ணான கால்களோடு நடந்த யாத்ரீகர்களை. கடுமையாகத் தவம் இருந்த அதே காலத்தில், மருந்துப் பெட்டியையும் மீண்டும் திறந்தார். முன்பு எடுத்துவைத்திருந்த இன்ஷூரன்ஸ் பாலிசி முதிர்ந்து பணம் வந்தபோது, அதைக்கொண்டு 1927-ல் லட்சுமண் ஜூலா பக்கம் ஓர் இலவச மருந்தகம் தொடங்கினார்.

மலேயாவில் அவர் செய்ததும் வைத்தியம்தான், இங்கே செய்ததும் வைத்தியம்தான். ஆனால், இப்போது எதற்காக என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1936-ல் 'தெய்வீக வாழ்க்கை சங்கம்' பிறந்தது. ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானத்தோடு சேவையையும் யோகாவில் அவர் சேர்த்தார். ஆசிரமத்துக்கு வந்த சீடர்களுக்கு நோயாளியைக் கவனிப்பதும் ஒரு பயிற்சி. சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்த சுவாமி சிதானந்தர், தொழுநோயாளிகளுக்குத் தன் கையாலேயே பணிவிடை செய்தவர். கோவைப் பக்கம் பிறந்த சீடர் சுவாமி சச்சிதானந்தர், 1969-ல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசினார். ஆசிரமத்தில் ஒரு மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

யோகா என்ன தரும்?

யோகா வாழ்க்கையின் நோக்கத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடாது. மனதுக்குள் இருக்கும் இரைச்சலைக் குறைக்கும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. உடம்பு பதற்றத்திலிருந்து இறங்குகிறது. அந்த அமைதியில்தான், 'எனக்கு என்ன செய்யத் தெரியும்? அது யாருக்குத் தேவைப்படுகிறது?' என்று நிதானமாக யோசிக்க முடியும்.

உடம்புக்கும் பலன் உண்டு. தொடர்ந்து செய்கிறவர்களுக்கு நாள்பட்ட இடுப்புவலி ஓரளவு குறையும், தூக்கம் மேம்படும், மன அழுத்தம் தணியும். வயதானவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பலம் கூடும். ஆனால், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ சாப்பிடும் மாத்திரையை, யோகாவை நம்பித் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், கழுத்துப் பிரச்னை இருப்பவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, தெரிந்த ஆசிரியரிடம் கற்பது நல்லது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. மழைக்காலத்தில் கங்கையில் வெள்ளமும் மலைப்பாதையில் நிலச்சரிவும் இருக்கும். மார்ச் மாதத்தில் யோகா திருவிழா நடப்பதால், அறைகளை முன்கூட்டியே பதிவுசெய்துவிடுங்கள். ஆசிரமங்களில் தங்க அனுமதி தேவை. நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஆற்றில் இழுவை அதிகம் என்பதால், சங்கிலி கட்டிய படித்துறைகளில் மட்டும் குளியுங்கள். பயிற்சியில் சேர்வதென்றால், முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்பு ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்.

வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் லீவு போட்டு வந்தாலும், விடிகாலையில் படித்துறையில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தால், அந்தக் கேள்வி கொஞ்சம் தெளிவாகும். அதுவும் முடியாதவர்களுக்கு வீட்டுக் கூடமே போதும்.

பத்தமடை டாக்டருக்கு விடை கிடைத்தது ரிஷிகேஷில். ஆனால், விடையாக இருந்த மருந்துப் பெட்டி அவர் கையோடு வந்ததுதான். உங்கள் கையில் என்ன இருக்கிறது? நாளைக் காலை பத்து நிமிடம் முன்னதாக எழுந்து, பாயை விரித்து உட்கார்ந்து பாருங்கள். அது பத்தமடைப் பாயாக இருந்தால் இன்னும் விசேஷம்!