கிளிமானூர்ச் சித்திரசாலை

திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபனைச் சேவித்துவிட்டுக் கொட்டாரக்கரை கணபதியைத் தரிசிக்கப் புறப்படும் அன்பர்கள், உண்ணியப்பப் பிரசாதத்தின் நினைவிலேயே வழியிலுள்ள கிளிமானூரைக் கடந்துவிடுவார்கள். தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர் இது. நம் பாட்டிமார் சட்டமிட்டுப் பூஜை அறையில் மாட்டிவைத்த லட்சுமி, சரஸ்வதி படங்களை வரைந்த ராஜா ரவிவர்மா 1848-ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூர் அரண்மனையில்தான்.

அரண்மனை என்றதும் மைசூரை நினைத்து வருவோர் சற்று ஏமாறக்கூடும். ஓடு வேய்ந்த நாலுகெட்டு, குளங்கள், கிணறுகள், நாகர் குடியிருக்கும் காவு என மரநிழலில் அமைந்த பெரியதொரு குடும்ப வளாகம் அது. இங்குதான் சிறுவன் ரவிவர்மா வெள்ளைச் சுவர்களில் கரித்துண்டால் கிறுக்கினான். பணியாட்கள் முகம் சுளித்தார்கள். தாய்மாமன் ராஜராஜ வர்மாவோ அக்கிறுக்கலில் கைத்திறனைக் கண்டார். அவர் தஞ்சாவூர்ப் பாணியில் படம் எழுதியவர். கோடு இழுத்து, அதனுள் வண்ணம் நிரப்பும் முறையையே மருமகனுக்கும் கற்பித்தார். இலை, பூ, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து எடுத்தவையே அக்கால வண்ணங்கள்.

பதினான்காம் வயதில் ரவிவர்மா திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவும், அரண்மனையிலிருந்த ஐரோப்பியச் சித்திரங்களைக் காணும் வாய்ப்பும் கிடைத்தன. தொல்லை தொடங்கியதும் அங்கேதான். அச்சித்திரங்களில் கன்னத்தின் சதைப்பற்றும் பட்டின் மினுமினுப்பும் கோடின்றியே தோன்றின. அவர் அறிந்த முறையில் அது கைகூடவில்லை. எண்ணெய் வண்ணம் அறிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கரோ, இளைஞரைப் போட்டியாளராகக் கருதிக் கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை இரவு நேரங்களில் ஒளிந்து வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். ஆசானுக்குத் தெரிந்தால் பிழைப்பே போயிருக்கும். ரவிவர்மாவின் புகழைப் பேசுவோர் இவரையும் ஒருகணம் நினைப்பது முறை.

1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவம் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தீட்டுகையில் அருகிருந்து பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. நீர்வண்ணம் நொடியில் உலரும். எண்ணெய் வண்ணம் நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்திலேயே ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று குழைத்து இணைக்கலாம். அவசரப்பட்டு மேல்பூச்சு ஏற்றினாலோ பின்னாளில் வெடிப்பு விழும். இந்நுட்பங்களை ரவிவர்மா கண்ணால் பார்த்தும், பின்னர்த் தம் கையால் தீட்டிக் கெடுத்தும் கற்றார். இருபது வயது இளைஞர், பழகிய முறையை விட்டுப் புதியதில் தட்டுத்தடுமாறிய காலம் அது.

1870-இல் கொல்லூர் மூகாம்பிகை சன்னிதிக்குச் சென்று 41 நாட்கள் பஜனமிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அக்காலத்திலேயே கோழிக்கோட்டுக் குடும்பமொன்றின் படத்தைத் தீட்டி முதல் ஊதியம் பெற்றார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசும் வந்துசேர்ந்தது.

பிற்காலத்தில் அவருக்கு வேறொரு மனக்குறை. புராணக் காட்சிகளைத் தீட்டினாலும் அவை அரண்மனைச் சுவர்களிலேயே தங்கிவிட்டன. படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று திவான் சர். டி. மாதவராவ் முன்பே யோசனை கூறியிருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. வண்ணத்திற்கொரு கல்லாகப் பல கற்களில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் ஒற்றியெடுக்கும் முறை அது. கல் சிறிது விலகினாலும் தேவியின் கண் பிசகிவிடும். அச்சகம் கடனில் சிக்கி ஜெர்மானியர் ஒருவர் கைக்கு மாறியது. ஆயினும் கருவறை வாசல் மறுக்கப்பட்டோர் இல்லங்களுக்கும் அந்தத் தாள்களில் லட்சுமி வந்தாள்.

ஓவிய வருவாயில் ரவிவர்மா எழுப்பிய சித்திரசாலை கிளிமானூர் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1906 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் மறைந்ததும் இவ்வூரில்தான். குடும்பத்தார் உரிமையிலுள்ள இடமாதலால், செல்வோர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நலம். கரிக்கோடுகளைச் சுவரில் தேட வேண்டாம்; மாமனின் பார்வைக்குப் பின் அவை மேல் சுண்ணாம்பு எத்தனை முறை ஏறியதோ!